சிவப்புப் பட்டியலும் எல்லைக் கல்லும்

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்துக்குள் சிறுத்தை ஒன்று வந்து பலரைக் காயப்படுத்தியது. ஊர்ச்சனம் கூடி அதை அடித்துக் கொன்றது. காணொளி நாடெங்கும் பரவ, ஆட்கள் கைதானார்கள். காட்டுப்பன்றிக்கு இல்லாத சட்டம் சிறுத்தைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் பட்டியல். எந்த உயிரினம் அருகிவருகிறது என்பதை இலங்கை தன் தேசிய சிவப்புப் பட்டியலில் பதிகிறது. அளவுகோல் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகுத்தது. "பாவம், இப்ப காணக் கிடைக்கிறதில்லை" என்ற பேச்சு அங்கே எடுபடாது, எண் வேண்டும். பத்து ஆண்டு, மூன்று தலைமுறை, இரண்டில் எது நீண்டதோ அதற்குள் தொகை பாதியாகிவிட்டால் அது அருகிய இனம். சரிவே தெரியாவிட்டாலும், குட்டி போடும் வயதுள்ளவை 250க்குக் குறைவு என்றால் அதுவே போதும். வாழும் பரப்பை வைத்தும் அளக்கலாம். ஏதாவது ஒன்று பொருந்தினால் சரி.

யானைக்கு ஒரு தலைமுறை 20 ஆண்டுக்கு மேல். மூன்று தலைமுறை பின்னால் போய் எண்ணிக்கை கேட்டால் யாரிடம் இருக்கும்? போர் நடந்த காலத்தில் வன்னிக் காட்டுக்குள் யானை எண்ணப் போகிற நிலையா இருந்தது? 2011 ஆகஸ்டில், வறட்சியில் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகிறவற்றை எண்ணி, நாடு முழுக்க 5,879 என்றார்கள். ஒற்றை எண்ணை வைத்துச் சரிவைச் சொல்ல முடியாது. அதனால் காடு சுருங்கிய அளவு, செத்த யானைகள் என்று கிடைத்த தடயங்களிலிருந்து ஊகிக்கிறார்கள். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது.

அப்புறம் கவுதாரி. தமிழ்நாட்டில் அது சாதாரணம். இலங்கையிலோ மன்னார், புத்தளம், யாழ்ப்பாணம் என்று கரையோர வறண்ட பற்றைகளில்தான் உண்டு. உலகக் கணக்கு இங்கே உதவாது என்பதால்தான் வட்டார மதிப்பீடு வந்தது. முதலில், எல்லைக்கு வெளியே அந்த இனமே இல்லை என்று வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். பிறகு, இங்கே அழிந்தால் அயலிலிருந்து வந்து நிரப்புமா என்று பார்க்கிறார்கள். நிரப்பும் என்றால் ஆபத்து வகையை ஒரு படி இறக்கலாம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். வாத்துக்கு அது ஒரு தூரமே இல்லை. கவுதாரியோ துரத்தினால் ஓடும், மிஞ்சினால் தாழப் பறந்து அடுத்த பற்றைக்குள் விழும். அது கடல் தாண்டி வந்து மன்னாரை நிரப்பும் என்று நான் நம்பமாட்டேன். சிறுத்தைக்குக் கேட்கவே வேண்டாம்.

இத்தனை கணக்குப் போட்டாலும் சிவப்புப் பட்டியல் சட்டம் அல்ல. மறியலுக்கு அனுப்புவது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதை 1993இல் வந்த திருத்தம் தலைகீழாக்கியது. பாலூட்டி, பறவை, ஊர்வன எல்லாமே பாதுகாக்கப்பட்டவை, விலக்குப் பட்டியலில் பெயர் இருந்தாலொழிய. காட்டுப்பன்றி அந்த விலக்கில் இருக்கிறது. செடிக்கும் மீனுக்கும் நேரெதிர், பெயர் இருந்தால்தான் பாதுகாப்பு. ஆனால் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பிக்கு ஆள் தெரியாது. இலங்கையில் சிறுத்தைகள் சாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று அந்தக் கம்பிதான்.

சட்டத்தின் மற்றக் கை நிலத்தில் விழுகிறது. சுண்டிக்குளமும் மடு வீதிக் காடும் 2015இல் தேசியப் பூங்காக்கள் ஆயின. அது போக, 1907ஆம் ஆண்டின் வனச் சட்டம் தனியே இருக்கிறது. வன்னிச் சனத்துக்குச் சட்டம் கண்ணில் படுவது இங்கேதான்: காட்டின் எல்லை இதுவென்று பற்றைக்குள் நட்டிருக்கும் ஒரு சிமெந்துக் கல். இடம்பெயர்ந்து திரும்பி வந்தால் வயலுக்குள் பாலை மரமும் வீரை மரமும் ஆளுயரம் நிற்கும், அதன் நடுவே கல். பற்றையை விலக்கினால் பழைய வரம்பு இன்னும் தெரியும். சிறுத்தை வாழும் பரப்பை அளக்கிறவர் அதையும் காடு என்று சேர்ப்பார், அவர் கணக்கில் பிழையில்லை. உறுதிக் கடதாசியோடு வந்து நிற்கிறவரும் அதே நிலத்தைத்தான் காட்டுகிறார்.