என்ட்ரி: போடுவதும் பதிவதும்

"ஒரு என்ட்ரி போட்டு வெச்சிரு மனே, மறுகா பாப்பம்."

மட்டக்களப்பில் வேலித் தகராறோ கடன் தகராறோ, ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வந்தே தீரும். "முறைப்பாடு செய்" என்று அவர் சொல்வது அபூர்வம். முறைப்பாடு என்றால் பகை, கோடு என்கிற நீதிமன்றம், கச்சேரி. என்ட்ரி என்றால் பொலிஸ் புத்தகத்தில் சும்மா ஒரு குறிப்பு, பின்னுக்கு உதவும். ஒரே மேசையில், ஒரே பொலிஸ்காரர் எழுதுவதைத்தான் ஊர் இப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.

சொல் ஆங்கிலம் வழியாக வந்தது. அதற்கு முன்னால் பிரெஞ்சு, அதற்கும் முன்னால் 'உள்ளே போ' என்ற பொருளுடைய லத்தீன் வினை. உள்ளே நுழைவது என்ற பொருள், நாளடைவில் கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு வரி நுழைவதற்கும் ஆகிவந்தது. சினிமாவில் கதாநாயகனுக்கு என்ட்ரி. பொலிஸ் நிலையத்தில் காணாமல் போன ஆட்டுக்கு என்ட்ரி. முதலாவதை 'நுழைவு' என்றோ 'வருகை' என்றோ சொல்லிவிடலாம். இரண்டாவதை அப்படிச் சொன்னால் ஆடு சுவரேறிக் குதித்த மாதிரி ஆகிவிடும். அதற்குத் தமிழ் 'பதிவு'.

பதிவு நல்ல சொல். வயலில் இறங்கி நடந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை: சேற்றில் கால் பதிகிறது, தடம் கிடக்கிறது. பதிந்ததை அப்படியே திரும்ப எடுக்க முடியாது. என்ட்ரி என்ற சொல்லில் இந்தக் கனம் இல்லை. அதனாலோ என்னவோ, என்ட்ரிக்குள் பொய் இலேசாகப் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

ஊரில் எத்தனை வகை என்கிறீர்கள்! அனுமதிப்பத்திரம் இல்லாத மருமகன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் ஒருவரை இடித்துவிடுவான். "நான்தான் ஓடினேன்" என்று மாமன் போய் நிற்பார். அண்ணனும் தம்பியும் மண்வெட்டிப் பிடியால் அடிபட்டிருப்பார்கள். ஆசுப்பத்திரியில் பொலிஸ் கேட்டால் "மரத்தால விழுந்தது". இவை மறைக்கிற பொய்கள். ஆளைக் காப்பாற்றச் சொல்பவை. 'முந்திக்கொள்கிற' பொய் வேறு. வேலியை நகர்த்தியவனே முதலில் ஓடிப்போய், பக்கத்து வளவுக்காரன் நகர்த்தியதாக என்ட்ரி போட்டுவிடுவான். சிலர் ஒரு கீறலோடு வார்ட்டிலும் போய்ப் படுத்துக்கொள்வார்கள், என்ட்ரிக்குப் பலம் சேர்க்க. முந்தினவனுக்குத்தான் நியாயம் என்று அக்கரைப்பற்றிலிருந்து வாழைச்சேனை வரை ஒரு நம்பிக்கை இருக்கிறது.

சட்டத்துக்கு இந்த இலேசு புரியாது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதன் 180ஆம் பிரிவு பேசுவது 'தகவல்' பற்றி. பொய்யென்று தெரிந்தே ஒரு தகவலைச் சொல்லி, அரச ஊழியர் ஒருவரைக் கொண்டு இன்னொருவருக்குத் தீங்கோ தொந்தரவோ செய்விக்க நினைப்பது குற்றம். உண்மை தெரிந்திருந்தால் அவர் செய்யாத ஒன்றைச் செய்ய வைக்க நினைப்பதும் குற்றம். குற்றமற்றவர் என்று தெரிந்தும் ஒருவர் மேல் குற்றம் சாட்டுவதற்கு 208ஆம் பிரிவு தனியே இருக்கிறது. 'சும்மா என்ட்ரி' என்று ஒரு சலுகை வகை அங்கே கிடையாது.

அப்புறம், முறைப்பாடு. தமிழ்நாட்டில் 'புகார்' என்பார்கள். அது கூவி அழைப்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். கோவலன் பிறந்த புகாருக்கும் அதற்கும் உறவில்லை. முறைப்பாடு நம்முடையது. முறை என்றால் நீதி. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்ற குறளில் இருப்பது அந்த முறைதான். முறையிடுவது என்றால் நீதி கேட்டு நிற்பது. பாண்டியன் வாசலில் கண்ணகி நின்றாளே, அது.

எங்கள் பக்கத்தில் கண்ணகியை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. தம்பிலுவில், செட்டிபாளையம் என்று கண்ணகி அம்மன் கோயில்கள் நிறைய. வைகாசிச் சடங்கில் வழக்குரை படிப்பார்கள், கண்ணகி பாண்டியனிடம் வழக்காடிய கதைப்பாட்டு. அந்த வழக்கின் அடியில் கிடப்பது என்ன? ஒரு பொய்த் தகவல். சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், திருடன் அகப்பட்டான் என்று மன்னனிடம் முந்திப் போய்ச் சொல்கிறான். மன்னன் விசாரிக்கவில்லை, ஊர்காப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பிவிடுகிறான். வேலிக்காரனின் என்ட்ரியும் இதே வித்தைதான்.

பொய்ச்சாட்சிக்குச் சிலப்பதிகாரம் வைத்திருக்கும் பெயர் 'பொய்க்கரி'. கரி என்றால் சாட்சி. சாட்சி வடமொழி, கண்ணோடு தொடர்புடைய சொல், கரி தமிழ். புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பொய்க்கரியாளரைப் பாசத்தால் கட்டி அடித்துத் தின்னும். ஒருமுறை, ஒரு பத்தினிமேல் பொய்க்கரி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது, "இவனை விடு, என் உயிரை எடுத்துக்கொள்" என்று நடுவில் போய் நின்றவன் யார் தெரியுமா? கோவலன். பூதம் கேட்கவில்லை. பொய் சொன்னவனுக்காக உயிர் கொடுக்க வந்தவனின் உயிர் பிறகு ஒரு பொய்யால் போயிற்று. இளங்கோ இதைத் தெரிந்துதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் கரியை மீட்டெடுக்கலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம். நீதிமன்றத்தில் "முதலாம் கரியைக் கூப்பிடுங்கள்" என்றால் சாக்கு மூட்டையோடு ஒருவர் வந்து நிற்பார். பொய்ச்சாட்சி, பொய் முறைப்பாடு, பொய்த் தகவல் போதும். என்ட்ரிக்குப் 'பொலிஸ் பதிவு'.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னவர் தமிழில் சொல்ல, எழுதுபவர் சிங்களத்தில் எழுத, அதை அரைகுறைத் தமிழில் வாசித்துக் காட்ட, கீழே கையெழுத்து. வாய்மூலம் சொன்னதை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டவேண்டும் என்றுதான் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் 'தொலைந்தது' என்றது 'களவு போனது' என்று பதிந்துவிட்டால், வழக்கில் பொய்யன் பட்டம் யாருக்கு? வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே ஒப்பம் வைத்தவருக்கு. இதைப் பொய் என்ற சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நானும் யோக்கியன் இல்லை. அடையாள அட்டை வீட்டுக்குள் எங்கோ தொலைந்தபோது மச்சான் சொன்னான்: "வீட்டுக்குள்ள எண்டா போய்த் தேடு எண்டு அனுப்பிருவாங்க. பஸ்ஸில விழுந்திட்டு எண்டு சொல்லு." சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, எந்த பஸ் என்றார். கல்முனை பஸ். எத்தனை மணிக்கு? எந்த இடத்தில் இறங்கினீர்கள்? பக்கத்தில் யார் இருந்தது? வேர்த்துக்கொட்ட ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். புது அட்டை வந்த பிறகு பழையது அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்து அகப்பட்டது. நான் ஏறாத அந்தக் கல்முனை பஸ் மட்டும் அவர்களுடைய புத்தகத்தில் இருக்கிறது.