சட்டைப் பையில் பணத்தைச் செருகாதீர்கள்

போன வாரமும் நடந்துவிட்டது. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். இரவு 11 மணிக்கு அழைத்தோம். லேத் பட்டறையில் வேலை முடித்த கையோடு வந்தார் ஒருவர். அவருக்கு அது 21-ஆவது முறை.

கொடுத்து முடித்து, மடக்கிய கையின் பஞ்சை மறு கையால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் மாமனார் வந்து அவர் சட்டைப் பையில் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைச் செருகினார். இரண்டு கைகளும் ஓய்வில்லாத நேரம், தடுக்க முடியவில்லை. பிறகு அவற்றை எடுத்து பிஸ்கட் தட்டின் அடியில் வைத்துவிட்டு, டீயைக்கூடத் தொடாமல் எழுந்தார். "அடுத்த முறை வேறு யாரையாவது கூப்பிடுங்கள், டாக்டர்."

மாமனார் நல்ல மனிதர்தான். மொய்க்கு மொய் செய்து கணக்குத் தீர்த்தே பழகியவர். "இந்தக் காலத்தில் யார் சும்மா கொடுப்பார்கள்?" என்று என்னிடமே கேட்டார். ரத்த வங்கியில் எனக்கு மிகவும் சலித்துப்போன கேள்வி இது. சும்மா கொடுக்கிறார்கள் ஐயா, தினமும் கொடுக்கிறார்கள்! அந்த இரண்டாயிரம் ரூபாய், ரத்தம் தந்தவரைக் கொடையாளர் என்ற இடத்திலிருந்து இறக்கிக் கூலி வாங்கியவராக்கியது. உதவி செய்தவனிடம் "உன் விலை இவ்வளவு" என்று சொன்னால் அவனுக்கு வலிக்காதா?

பணமும் சேர்ந்தால் இன்னும் பலர் வருவார்கள் என்பதும் தவறான கணக்கு. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பணம் எதுவும் தராதபோது ரத்தக் கொடையாளராக முன்வந்த பெண்கள் 52 சதவீதம். அந்நாட்டுப் பணத்தில் 50 குரோனர் தருவதாகச் சொன்னதும் அது 30 ஆகச் சரிந்தது. அந்தத் தொகையை அறப்பணிக்குக் கொடுத்துவிடலாம் என்றதும் மீண்டும் 53. ஆண்களிடம் அத்தனை வித்தியாசம் இல்லை. ஆனால் பணத்துக்காகக் கூடுதலாக வந்து குவியவும் இல்லை.

பணத்துக்கு வருபவர் காய்ச்சலையும் மஞ்சள் காமாலையையும் மறைப்பார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ரத்தத்தை விலைக்கு வாங்குவதற்குத் தடை இருக்கிறது. மருத்துவமனை வாசலில் எவராவது "ஆள் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்றால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்.

முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். இன்டர்னல் மதிப்பெண் தருவதாக ஆசைகாட்டி மாணவர்களை வரிசையில் நிறுத்தாதீர்கள். போன மாதம் பச்சை குத்திக்கொண்ட பையன், தொற்று பயத்தால் ரத்தம் எடுக்க மாட்டோம் என்பதால், அதை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றான். மதிப்பெண் இல்லாவிட்டால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான்.

டீ, பிஸ்கட் கொடுங்கள், அது உபசாரம். நள்ளிரவில் வந்தவரை வண்டியில் வீடுவரை கொண்டுபோய் விடுங்கள். நன்றியை அவர் முகம் பார்த்துச் சொல்லுங்கள். தாயும் குழந்தையும் வீடு திரும்பும் நாளில் மறக்காமல் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். அவரிடம் நாங்கள் சொல்லிவிடுகிறோம்.