சும்மா இருக்கும் இரண்டு நாள்

கொக்குவில் மாமி அடுத்த வருடம் கயிலாய யாத்திரைக்குப் போகிறார். பயணத் திட்டத்தை என்னிடம் காட்டும்போதே முகத்தில் கோபம். "இதிலை ரெண்டு நாள் ஓரிடத்திலை பேசாமல் இருக்கச் சொல்லிப் போட்டிருக்கு, தம்பி. சும்மா இருக்கிறதுக்கும் நாங்கள் காசு குடுக்கிறதோ?" நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடந்தே போய் வருகிறவர் அவர். நடக்கத் தெம்புள்ள ஆளை எதற்காக உட்கார வைக்கிறார்கள் என்று கேட்பது நியாயம்தான்.

அந்த இரண்டு நாளும் மாமிக்கு ஓய்வு. வேலை முழுக்க அவருடைய சிறுநீரகங்களுக்கு.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது. கீரிமலை என்று பேர்தான், கேணிக்குப் பக்கத்திலேயே கடல். வைக்கோற்போரின் அடிப்பகுதி மேலுள்ள பாரத்தால் இறுகிக் கிடக்கும், உச்சி தளர்ந்திருக்கும். காற்றும் அப்படித்தான், நாங்கள் இருப்பது அதன் அடியில். இங்கே வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். கயிலையைச் சுற்றும் பாதையில் ஆக உயரமான டோல்மா கணவாய் ஏறக்குறைய 5600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே அமுக்கம் இதில் பாதி. மலையில் ஒட்சிசனின் வீதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. இங்கும் அங்கும் காற்றில் 21 வீதம் ஒட்சிசன்தான். அதை நுரையீரலிலிருந்து குருதிக்குள் தள்ளும் அமுக்கம்தான் போதாமல் போகிறது.

இதற்குள் இன்னொரு அநியாயமும் உண்டு. உள்ளே போகும் காற்றை மூக்கும் மூச்சுக்குழாயும் ஈரமாக்குகின்றன. அந்த நீராவியின் அமுக்கம் 47 மில்லிமீற்றர். அது உடல் வெப்பத்தை மட்டுமே பொறுத்தது என்பதால் கொக்குவிலிலும் 47, கணவாயிலும் 47. 760இல் 47 போனால் பெரிதாகத் தெரியாது. 380இல் 47 போவது, சம்பளம் பாதியாகியும் வீட்டு வாடகை குறையாத கதை. கழித்து வரும் மிச்சத்தில் 21 வீதம் எடுத்தால் ஒட்சிசனுக்கு இங்கே கிட்டத்தட்ட 150 கிடைக்கிறது, அங்கே 70.

சரி, உடல் என்ன செய்கிறது? கழுத்தில் நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில், இரண்டு பக்கமும் அரிசிமணி அளவில் ஒவ்வொரு சிறு உறுப்பு இருக்கிறது. குருதியில் ஒட்சிசன் குறைந்தால் முதலில் அறிவது அதுதான். உடனே "வேகமாய் மூச்செடு" என்று மூளைக்குச் சொல்லும். மூச்சு கூடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண நாளில் எங்கள் மூச்சை நடத்துவது ஒட்சிசன் இல்லை, காபனீரொட்சைட்டு. அது குருதியில் சேரச் சேர அமிலத்தன்மை கூடும், அதைக் கண்டு மூளை மூச்சை முடுக்கும். மலையிலோ வேகமாக மூச்செடுப்பதால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. குருதி காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளை அதைப் பார்த்து, "இவ்வளவு மூச்சு எதற்கு? குறை" என்கிறது. கழுத்து மிதி என்கிறது, மூளை பிரேக் பிடிக்கிறது. இரவில் இந்த இழுபறி கண்ணுக்கே தெரியும். தூங்குகிறவரின் மூச்சு பத்து விநாடிக்கு மேல் நின்றுபோகும், பிறகு திடுமென்று நாலைந்து பெருமூச்சு வரும், மறுபடி நிற்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தூக்கம் போய்விடும்.

இந்த வழக்கைத் தீர்ப்பது சிறுநீரகம். குருதியில் இருக்கும் காரப்பொருளான இருகாபனேற்றைச் சிறுநீரோடு வெளியே அனுப்புகிறது. குருதி பழைய நிலைக்குத் திரும்பத் திரும்ப மூளை பிரேக்கை விடுகிறது, மூச்சு ஆழமாகிறது. ஆனால் சிறுநீரகம் அவசரப்படாது, அதற்கு நாட்கள் வேண்டும். திட்டத்தில் இருக்கும் அந்த இரண்டு நாள் இதற்குத்தான். மலைக்குப் போகிறவர்கள் வாங்கும் டயமொக்ஸ் மாத்திரையும் இதே வேலையைத்தான் விரைவாகச் செய்விக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவராது, வைத்தியரைக் கேட்டுத்தான் போட வேண்டும். குருதியில் செங்குழியங்கள் பெருகுவதும் உண்மைதான், ஆனால் அதற்கு வாரக்கணக்கு ஆகும். அதற்குள் மாமி வீடு திரும்பியிருப்பார்.

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எவரெஸ்ட் சாட்சி. 1978இல் மெஸ்னரும் ஹபெலரும் சிலிண்டர் ஒட்சிசன் இல்லாமல் 8848 மீற்றர் உச்சியில் நின்றார்கள். 1981இல் அதே உச்சியில் ஒருவர் வெளிவிட்ட மூச்சைப் பிடித்து அளந்தபோது காபனீரொட்சைட்டின் அமுக்கம் 7.5 மில்லிமீற்றர்தான் இருந்தது. எங்களுக்கு அது 40. அவ்வளவு மூச்செடுத்துக் காபனீரொட்சைட்டை வெளியேற்றியிருக்கிறார். வாரக்கணக்கில் பழகாத ஆள் அங்கே கொஞ்ச நேரத்திலேயே நினைவிழந்துவிடுவார்.

உடற்கட்டு இதில் உதவாது. நல்ல தெம்புள்ள பெடியன்கள்தான் விறுவிறு என்று ஏறிப்போய் மாட்டுப்படுகிறார்கள். 3000 மீற்றருக்கு மேலே, படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலையிடி, குமட்டல், பசியின்மை வந்தால் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ மூளை வீங்குகிறது அல்லது நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். நடுச்சாமமானாலும் உடனே கீழே இறக்க வேண்டும்.

எனக்கு இங்கே அப்பர் ஞாபகம் வரும். கயிலைக்கு நடந்தார், தவழ்ந்தார், உருண்டார், உடல் தேய்ந்து விழுந்தார். இறைவன் அவரை மேலே தூக்கிவிடவில்லை. ஒரு குளத்தில் முழுகச் சொல்லி, காவிரிக்கரைத் திருவையாற்றில் எழ வைத்தான். மலைநோய்க்கு இன்றைக்கும் முதல் வைத்தியம் கீழே இறக்குவதுதான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தக் குளிருக்கை அடிக்கடி எழும்பி வெளியாலை போகவேணும் எண்டு சொல்லுறாய்?"

"ஓம் மாமி. போனால் நல்ல அறிகுறி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திட்டத்தை மறுபடி எடுத்தார். அந்த இரண்டு நாளும் தங்கும் இடத்தில் அறையோடு கக்கூஸ் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.