தமனிச் சுவரில் தளரும் பின்னல்

1933இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பக்கவாதம் வந்து இறந்துபோனான். அவனுடைய கழுத்துத் தமனிகள் கிழவருடையவை போலத் தடித்திருந்தன. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து கில்மர் மெக்கல்லி என்ற நோயியல் மருத்துவர் அந்தத் திசுக்களை நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தார். இரண்டு மாதக் குழந்தை ஒன்றின் தமனிகளிலும் அதே சேதம். இருவருக்கும் இருந்த பிறவிக் குறைகள் வேறு வேறு. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எக்கச்சக்கமாகச் சேர்வது மட்டும் பொது. இதுதான் தமனியைக் கெடுக்கிறது என்று 1969இல் எழுதினார்.

பருப்பு, முட்டை, மீன் என நாம் சாப்பிடும் புரதத்தில் மெத்தியோனைன் என்ற இன்னொரு அமினோ அமிலம் இருக்கிறது. உடல் அதைப் பயன்படுத்தும்போது ஹோமோசிஸ்டீன் உண்டாகிறது. பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்கள் இரண்டும் அதைத் திரும்ப மெத்தியோனைன் ஆக்கும். பி6 வேறு வழியில் அனுப்பிவிடும். இவை குறைந்தால் அது ரத்தத்தில் தேங்கும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இயல்பு.

சரி, சுவரை என்ன செய்கிறது? பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குவது எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற புரத இழைகளால். கூடைப் பின்னல் போல அவற்றைக் குறுக்கே பிணைக்கிறது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. ஹோமோசிஸ்டீன் அந்த நொதியைத் தடுப்பதையும், இழைகளை அரிக்கும் வேறு நொதிகளைத் தூண்டுவதையும் ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். சிறுவயதில் நெய்த எலாஸ்டின்தான் ஆயுள் முழுக்க, போனால் போனதுதான்.

பலூன் ஊதும்போது முதல் ஊதல்தான் கஷ்டம், அப்புறம் தானாக விரியும். தமனியும் கிட்டத்தட்ட அப்படித்தான். அகலம் கூடக்கூட, அதே ரத்த அழுத்தம் சுவரை இன்னும் வலுவாக இழுக்கும். வயிற்றில் சுமார் 2 செ.மீ. அகலமுள்ள பெருந்தமனி 3 செ.மீ.யைத் தொட்டால் அனியூரிசம், அதாவது தமனி வீக்கம், என்கிறார்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யைத் தொட்டால் பொதுவாக அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

அனியூரிசம் உள்ளவர்களிடம் ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் புகைப்பழக்கமும் சிறுநீரகக் கோளாறும்கூட அந்த அளவை ஏற்றும். அதனால் குற்றவாளி இதுதான் என்று இன்னும் தீர்ப்பெழுத முடியாது. 2006இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் வைட்டமின் மாத்திரை ஹோமோசிஸ்டீனைக் குறைத்தது, மாரடைப்பைக் குறைக்கவில்லை. வீங்கிய தமனியை அது சுருக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பி12 குறைவு இருந்தால் நரம்புக்காகவாவது சரிசெய்தே ஆக வேண்டும், அது வேறு விஷயம்.

வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் பெரும்பாலும் வலிக்காது. உங்கள் வீட்டில் 65 வயது தாண்டிய, புகைபிடித்த அப்பாவோ தாத்தாவோ இருந்தால், ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.