கிண்ணம் காலியாக வேண்டியதில்லை: முதல் 2 வருடச் சாப்பாடும் பின்னால் வரும் எடையும்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மதுரைப் பக்கம் பூண்டு இல்லாத பத்தியம் கிடையாது. பூண்டுக் குழம்பு, நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, பால்சுறாப் புட்டு என்று அம்மாச்சி ஒவ்வொன்றாக இறக்குவார். பால் ஊறட்டும் என்றுதான் கொடுக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் நடக்கிறது: பாலில் பூண்டு வாசம் ஏறுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாம்பும் 1991-இல் இதைச் சோதித்தார்கள். தாய் பூண்டு மாத்திரை விழுங்கிய சுமார் 2 மணி நேரத்தில் பாலில் அந்த வாசம் உச்சத்துக்கு வந்தது. அப்போது குழந்தைகள் மார்பை விட்டு விலகவில்லை; வழக்கத்தைவிட அதிக நேரம் குடித்தன.

2001-இல் வந்த அடுத்த சோதனை இன்னும் தெளிவானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ, பால் கொடுக்கத் தொடங்கிய முதல் 2 மாதங்களிலோ, வாரத்துக்கு 4 நாள் வீதம் 3 வாரம் 300 மில்லி கேரட் சாறு குடித்தார்கள் சில தாய்மார்கள். அவர்களுடைய குழந்தைகள் பின்னால் கேரட் கலந்த கூழைச் சாப்பிட்டபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. ஆக, வீட்டுச் சமையலின் ருசி பிள்ளைக்குப் பனிக்குட நீரிலும் பாலிலுமே அறிமுகமாகிவிடுகிறது. பத்தியம் என்ற பேரில் கீரையையும் காயையும் மாதக்கணக்கில் விலக்கினால் இந்த அறிமுகமும் தள்ளிப்போகிறது. டப்பாப் பாலுக்கு எந்நாளும் ஒரே ருசி. அதில் வளரும் பிள்ளைக்குக் காய்கறி 6 மாதத்தில் முற்றிலும் புதிய பொருள். அதைச் சரிக்கட்ட முடியும். கொஞ்சம் கூடுதலாகப் பொறுமை வேண்டும்.

இனிப்பை எந்தக் குழந்தைக்கும் பழக்கத் தேவையில்லை, பிறக்கும்போதே பிடிக்கும். கசப்பு பிறக்கும்போதே பிடிக்காது. உப்பின் மேல் நாட்டம் சுமார் 4 மாதத்தில் வருகிறது. இதனால்தான் பிறந்ததும் சேனை வைத்து, பிறகு சர்க்கரைத் தண்ணீர், பாலில் ஊறவைத்த பிஸ்கட் என்று போவது வீண் வேலை. ஏற்கெனவே திறந்திருக்கும் கதவைத்தான் அது தள்ளுகிறது. சேனையில் தேன் இருந்தால் ஆபத்தும் உண்டு: 1 வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கக்கூடிய கிருமியால் பொட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் வரலாம்.

பழக்க வேண்டியது காயும் கீரையும்தான். 180 நாள் முடிந்ததும் தொடங்குங்கள். ஒரு சமயத்தில் ஒரே காய்: கேரட், பீர்க்கங்காய், அவரை, முருங்கைக்கீரை, எது மலிவோ அது. ஆவியில் வேகவைத்து மசித்து 2 அல்லது 3 சிறு கரண்டி கொடுக்கலாம். வாழைப்பழமோ சர்க்கரையோ கலந்து காயின் ருசியை மறைக்கக் கூடாது. மறைத்தால் பிள்ளை பழகுவது வாழைப்பழத்துக்குத்தான். முகம் சுளிக்கும், துப்பும். அதை வைத்து 'எம்பிள்ளைக்குக் கீரையே ஆகாது' என்று மூன்றாம் நாளே தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒருநாள் விட்டு ஒருநாள் 8 முதல் 10 தடவை கொடுத்த பிறகே பெரும்பாலான குழந்தைகள் ஒரு காயை ஏற்கின்றன. சுளித்துக்கொண்டே வாயைத் திறக்கும் பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒன்றரை வயதுக்கு மேல் புதுச் சாப்பாட்டைக் கண்டாலே சந்தேகப்படும் பருவம் தொடங்கிவிடும். அதற்குள் அறிமுகமான காய்கள் எத்தனையோ, அத்தனையும் கைமுதல்.

மிக்சியில் கூழாக அடிப்பதையும் ஒரு கட்டத்தில் நிறுத்தியாக வேண்டும். 6 மாதத்தில் கையால் மசித்தது, 8 மாதத்தில் சிறு கட்டிகளோடு, 9 முடிவதற்குள் பிள்ளை தானே எடுத்துக் கடிக்கும் இட்லித் துண்டு, வெந்த காய்த் துண்டு என்று மாற வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 9 மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பார்த்தவர்கள் 7 வயதில் பழமும் காயும் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

இனி எடை. தாய்ப்பால் கொடுத்தால் பிள்ளை பின்னால் குண்டாகாது என்று பரவலாகச் சொல்கிறார்கள். பெலாரஸில் 1996-97-இல் 17,046 தாய்-சேய் இணைகளை வைத்து நடந்த பெரிய சோதனை அப்படிச் சொல்லவில்லை. தாய்ப்பாலுக்குக் கூடுதல் ஊக்கம் தந்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் உடல் பருமன் குறையவில்லை. தாய்ப்பால் கொடுக்க நூறு காரணம் இருக்கிறது, எடையை அதில் முதலாவதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எடையோடு நெருங்கிய தொடர்பு வேறு இரண்டுக்கு உண்டு. ஒன்று, எப்போது நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. மார்பில் குடிக்கும் பிள்ளை போதும் என்றால் விலகிக்கொள்ளும். எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. புட்டியில் மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது, உடனே அதையும் தீர்த்துவிடத் தோன்றுகிறது. சங்கில் ஊற்றினால் வேகமும் பெரியவர் கையில். 2010-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் மாதங்களில் மார்பில் மட்டும் குடித்த குழந்தைகளில் 27 சதவீதம்தான் பின்னர் புட்டியையோ கோப்பையையோ முழுதாகக் காலி செய்தன. புட்டியில் மட்டும் குடித்தவற்றில் 68 சதவீதம். தலையைத் திருப்புவது, உதட்டை இறுக்குவது, உறிஞ்சும் வேகம் குறைவது, கரண்டியைத் தட்டிவிடுவது எல்லாம் 'போதும்' என்பதன் அடையாளங்கள். செல்போனில் பாட்டுப் போட்டு ஊட்டினால் இந்த அடையாளங்களே வெளிவராது. கிண்ணம் காலியாகும், வயிறு சொன்னதைப் பிள்ளை கேட்டிருக்காது.

இரண்டாவது புரதம். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம், பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். ஐரோப்பாவின் 5 நாடுகளில் நடந்த சோதனையில், புரதம் அதிகமான டப்பாப் பால் குடித்த குழந்தைகள் 6 வயதில் பருமனாகும் வாய்ப்பு, புரதம் குறைந்த பால் குடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தேவைக்கு மிஞ்சிய புரதம் இன்சுலினையும் வளர்ச்சி ஊக்கிகளையும் தூண்டுவதே காரணம் என்று கருதப்படுகிறது. பசும்பாலை 1 வயதுக்கு முன் முக்கிய உணவாக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. 1 வயதுக்குப் பிறகும் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. டப்பாப் பால்தான் கொடுக்க வேண்டியிருந்தால் கரண்டியைத் தலைதட்டி அளந்து, டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று ஒரு கரண்டி கூட்டுவதும் கெடுதல், மிச்சம் பிடிக்கக் குறைப்பதும் கெடுதல்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஊட்டுவதைக் குறைப்பது தப்பான முடிவு. 7 மாதத்தில் ஏழரை கிலோ உள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 225 மில்லி கொள்ளும். தாய்ப்பாலுக்கு மேல் நாளுக்கு 200 கலோரி வேண்டும். நீர்த்த கஞ்சி 100 மில்லியில் 30 கலோரிதான் என்றால் 650 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். மூன்று முறை வயிறு முட்டும், பால் குடிக்காது. 2 மேசைக்கரண்டி பச்சரிசி, 1 மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, குழைய வேகவைத்து 1 தேக்கரண்டி நெய் சேர்த்தால் சிறு கிண்ணத்தில் ஏறக்குறைய அதே கலோரி வந்துவிடும். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, அதுதான் பதம். பெரியவர்களின் பருப்பில் உப்பும் வத்தலும் போடும் முன் பிள்ளையின் பங்கை எடுத்துவிட்டால் தனிச் சமையலும் மிச்சம்.

எடை மெஷினை எப்படிப் படிப்பது என்பதற்கு மதுரை மாவட்டத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1980-இல் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்த்தார்கள். எடை எவ்வளவு என்பதோடு நிற்காமல், போன மாதத்திலிருந்து சரியாக ஏறுகிறதா என்று பார்த்து, ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்தார்கள். இன்றும் அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் பார்க்க வேண்டியது மாத எடைப் புள்ளிகளை இணைக்கும் கோட்டின் போக்கைத்தான்.

1 வயதுக்குப் பிறகு பிள்ளை உயரத்துக்கு ஏற்ப ஒல்லியாவது இயற்கை. கன்னம் வற்றும், விலா எலும்பு லேசாகத் தெரியும். 5, 6 வயதில்தான் மறுபடி சதை போடத் தொடங்கும். இந்த இடைவெளியில்தான் அப்பத்தா 'பிள்ளை இளைச்சுப் போச்சே' என்று சத்துப் பொடியும் சர்க்கரையும் போட்ட பாலோடு வருவார். டெல்லியில் பிறப்பிலிருந்து தொடர்ந்த 1,492 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் 2 வயது வரை ஒல்லியாக இருந்து, பிறகு சீக்கிரமே சதைபோடத் தொடங்கியவர்கள் என்று காட்டியது. 12 வயதில்கூட அவர்களில் யாரும் குண்டு என்று சொல்லும் அளவில் இல்லை. எனவே 2 முதல் 5 வயது வரை வருடத்துக்குச் சுமார் 2 கிலோவும் 6 முதல் 8 சென்டிமீட்டரும் ஏறினால் அந்தப் பாலைத் தள்ளிவைக்கலாம். எடைக் கோடு கீழே இறங்கினாலோ, அட்டையில் அச்சிட்ட பட்டைகளில் இரண்டைத் தாண்டி மேலே ஏறினாலோ அட்டையோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள்.