பாமினியும் பிரவுசரும்: கணினியைக் காட்டிக்கொடுக்கும் கைரேகை

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் கீழ் வீட்டு மாமா, விழா அழைப்பிதழ்களை இன்னமும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியில்தான் தட்டச்சு செய்வார். போன மாதம் முழங்கால் பட்டை ஒன்றை இணையத்தில் தேடியிருக்கிறார். மறுநாள் செய்தி படிக்கப் போன இடத்திலும் அதே பட்டை விளம்பரமாக வந்து நின்றது. "குக்கீ எல்லாம் அழிச்சுட்டேன் தம்பி, இன்காக்னிட்டோவுலயும் பார்த்தேன். அப்புறமும் வருதே, எப்படி?" என்று கேட்டார்.

குக்கீ என்பது ஒரு டோக்கன் சீட்டு. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி உருவாக்கியது. ஒரு தளம் உங்கள் பிரவுசரிடம் சீட்டைக் கொடுத்துவைக்கும். அடுத்த முறை போனால் அதைக் காட்டச் சொல்லும். கடைத் தளத்திலும் செய்தித் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், இரண்டு இடத்திலும் அது தன் சீட்டைப் பார்த்துக்கொள்ளும். சஃபாரி 2020 முதல் இத்தகைய மூன்றாம் தரப்புச் சீட்டுகளை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் சீட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுவைக்கிறது. குரோமும் தடுக்கப்போவதாகச் சொல்லி, பல வருடம் இழுத்துவிட்டு, 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இன்காக்னிட்டோ முக்கியமாக உங்கள் கணினியில் தடம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். எதிர்முனையில் இருக்கும் தளத்தின் கண்ணை அது கட்டாது.

சீட்டே இல்லாமலும் ஆளை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அதைப் பிரவுசர் கைரேகை என்கிறார்கள். திரை எவ்வளவு அகலம், எந்த நேர மண்டலம், எந்த மொழி என்று ஒரு பக்கம் கேட்டால், பிரவுசர் மறைக்காமல் சொல்லிவிடும். எழுத்துருவை மட்டும் நேரடியாகக் கேட்பதில்லை, அளந்து பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு வரியைப் பாமினியில் எழுதச் சொல்வார்கள். கணினியில் பாமினி இல்லையென்றால் வேறொரு எழுத்துரு அந்த இடத்துக்கு வரும், வரியின் அகலம் அந்த மாற்று எழுத்துருவின் அகலமாகவே இருக்கும். பாமினி இருந்தால் அகலம் மாறும். இப்படியே நூற்றுக்கணக்கான எழுத்துருக்களைக் கண நேரத்தில் சோதித்துவிடலாம்.

ஒவ்வொரு பதிலும் கூட்டத்தைச் சுருக்குகிறது. கூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கேள்வி என்றால், 3 கோடிப் பேரில் ஒருவரைப் பிடிக்க 25 கேள்வி போதும். உலகம் முழுவதற்குமே 33 போதும். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த பிரவுசர்களில் 83.6 சதவீதத்துக்கு இணையான இன்னொன்று இல்லை. வந்து சோதித்தவர்கள் பெரும்பாலும் தனியுரிமையில் அக்கறை உள்ளவர்கள். பொதுமக்களிடையே அந்த அளவு குறைவாகவே இருக்கும்.

ஆனால் மாமா பொதுமக்களில் ஒருவராகத் தெரிய மாட்டார். அவர் இணைய இணைப்பின் எண் முகவரி (ஐ.பி.) டெல்லி என்கிறது. பிரவுசர் மொழி தமிழ். எழுத்துருப் பட்டியலில் பாமினி. சென்னையில் இதே கணினிக்குத் துணை இருக்கும். இங்கே தனியாகத் தெரிகிறது. ஊர் விட்டு ஊர் வந்து தாய்மொழியைக் கணினியில் வைத்திருப்பவரைத்தான் இந்த முறை முதலில் காட்டிக்கொடுக்கிறது. எனக்கு இது மனதைக் குத்தியது. தமிழை எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே இங்கே பாதுகாப்பு என்பது கூட்டத்தோடு கலந்துவிடுவது. பிரவுசரில் பத்து எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்) போட்டு, எல்லா அமைப்பையும் திருகினால் இன்னும் அபூர்வமான ஆளாகிவிடுவோம். அடையாளத்தை மறைக்கவென்றே உள்ள டோர் பிரவுசர் எல்லோரையும் ஒரே மாதிரி காட்டப் பார்க்கிறது. பக்கம் தெரியும் பரப்பைக்கூட எல்லோருக்கும் பொதுவான சில அளவுகளுக்குக் குறைத்துக் காட்டும். தினசரி வேலைக்கு அது மெதுவாக இருக்கும். பிரேவ் என்ற பிரவுசர், மறைவாக ஒரு படம் வரையச் சொல்லிக் கணினியை அடையாளம் காணும் சோதனைக்குச் சற்றே கலைத்த விடையைத் தருகிறது.

மாமாவுக்கு ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், கண்காணிப்புப் பாதுகாப்பைக் கடுமையான நிலைக்கு மாற்றினேன். 2023 முதல் இந்த நிலையில், கணினியோடு வந்த எழுத்துருக்களும் மொழித் தொகுப்பின் எழுத்துருக்களும் மட்டுமே தளங்களுக்குத் தெரியும். பாமினி மறைந்துவிடும், இன்றைய பொது முறையான யூனிகோடு தமிழ் அப்படியே இருக்கும். கூடவே விளம்பரத்தையும் கண்காணிப்பையும் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின், அது ஒன்றே ஒன்று. கண்காணிக்கும் நிரலை இறங்கும் முன்பே தடுத்துவிடுவதால், அந்த நிரல் அளப்பதற்கே வழி இல்லை. குரோமில் அதன் முழு வடிவம் இப்போது வேலை செய்வதில்லை.

இரண்டு நாள் கழித்து மாமா கூப்பிட்டார். அவர் பல வருடமாகப் படிக்கும் ஒரு பழைய தமிழ்த் தளம், பாமினியை நம்பி எழுதியது, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் இருக்கும் கேடயச் சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்தினேன். பக்கம் தமிழாகத் திரும்பியது. "இது இங்க மட்டும்தானே தம்பி?" என்றார். "ஆமா மாமா, மத்த இடத்துல பூட்டு அப்படியேதான் இருக்கு."