யார்: துணிக்கடை அளவும் அதன் வேரும்

கொழும்பு புறக்கோட்டைத் துணிக்கடைகளில் நாள்தோறும் ஒலிக்கும் ‘யார்’ என்னும் அளவுச்சொல், ‘வந்தது யார்?’ என்று கேட்கும் வினாச்சொல்லோடு எழுத்தளவில் ஒன்றாகிவிட்ட ஆங்கிலக் கடன்சொல்லாகும். 3 அடி, அதாவது 36 அங்குலம், ஒரு யார். இதன் மூலச்சொல் பழைய ஆங்கிலத்தில் தடியைக் குறித்தது. அளப்பதற்கு எடுத்த தடியின் பெயரே நாளடைவில் அளவின் பெயராயிற்று. முற்றத்தைக் குறிக்கும் அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல்லுக்கு வேர் வேறு.

தமிழிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நிலம் அளந்த தடியும் கோல். அத்தடி காட்டிய நீளமும் கோல். கோலின் நீளம் எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஆகவேதான் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘பதினாறு சாண் கோல்’ என்று அதன் நீளத்தையும் சேர்த்தே சொல்கின்றன. வேர்ப்பொருளை மட்டும் நோக்கினால் ‘யார்’ என்பதற்கு நேரான தமிழ் ‘கோல்’தான். ‘யார்’ அளவுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும், ஒன்பது கெஜப் புடவை என்பதில் வரும் ‘கெஜம்’ தமிழன்று, பாரசீகச் சொல். ஆயினும் மாணவரின் கணக்குக் கொப்பியில் கோலை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சாணை முக்கால் அடியாகக் கொண்டால் பதினாறு சாண் கோல் 12 அடி, அதாவது 4 யார். தூய தமிழுக்காகத் துணியை நான்கு மடங்கு வாங்க நேரிடும்! ஆகவே ‘யார்’ என்றே எழுதுவது முறை.

1959ஆம் ஆண்டில் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு யார் சரியாக 0.9144 மீற்றர். வசனக் கணக்கில் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். மீற்றரும் யாரும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு தையற்காரர் நடன விழாவுக்காக 12 சட்டைகள் தைக்கிறார், ஒவ்வொன்றுக்கும் 90 சென்ரிமீற்றர் துணி வேண்டும், கடையிலோ யார் கணக்கில்தான் விற்கிறார்கள் என்று கொள்வோம். முதலில் 12ஐ 90ஆல் பெருக்க 1080 சென்ரிமீற்றர் வரும். அதனை 100ஆல் வகுக்க 10.8 மீற்றர்; அதனை 0.9144ஆல் வகுக்க ஏறத்தாழ 11.81 யார். ஒரு யார் ஒரு மீற்றரிலும் குறுகியது என்பதால் யார் எண்ணிக்கை மீற்றர் எண்ணிக்கையைவிடக் கூடியே வரவேண்டும். குறைந்து வந்தால், வகுக்கவேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறோம் என்று பொருள். இரண்டும் ஒன்றென எண்ணி 11 யார் வாங்கினால் கிடைப்பது 10.06 மீற்றர் அளவே. பதினொரு சட்டைகள் தைத்தபின் பன்னிரண்டாவது பிள்ளைக்கு அரை அடிக்குச் சற்றுக் கூடுதலான துண்டொன்றுதான் மிஞ்சும். கால் யார் கணக்கில் வெட்டித் தரும் கடையில் பதினொன்றே முக்கால் யார் கேட்டாலும் ஐந்தரைச் சென்ரிமீற்றருக்கு மேல் குறையும் என்பதால், வாங்கவேண்டியது 12 யார்.